கொலை, வெட்டு, பாலியல் வன்கொடுமை: அரசிடமிருந்து இழப்பீடு பெறுவது எப்படி?

வழக்கு முடியட்டும், தீர்ப்பு வரட்டும், பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று இருந்துவிடுகிற குடும்பங்கள் ஏராளம். தீர்ப்பு வருவதற்குள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகை அடகுக்குப் போயிருக்கும், பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கும். அப்படிக் காத்திருக்கும்படி சட்டம் எங்கும் சொல்லவில்லை. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். அவர் விடுதலையாகிப் போனாலும் கேட்கலாம். ஏனென்றால் இது குற்றவாளியின் பணம் அல்ல. குடிமக்களைக் காக்கத் தவறிய அரசு, தன் நிதியிலிருந்து தரும் பணம்.

இதற்கான அடிப்படை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஏ பிரிவு. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த அது, 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதே ஏற்பாடு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 396-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. மனு எழுதும்போது இந்த எண்ணைக் குறிப்பிட்டால் போதும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. தண்டனை கொடுக்கும்போது, அபராதத் தொகையிலிருந்தோ குற்றவாளியின் கையிலிருந்தோ பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அது 395-ஆவது பிரிவு. அபராதத்திலிருந்து தரும் பணம், மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை, மேல்முறையீடு போட்டிருந்தால் அது முடியும்வரை கைக்கு வராது. குற்றவாளியிடம் காசு இல்லையென்றால் அதற்குப் பிறகும் வருவது சந்தேகம். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

எங்கே போவது?

போக வேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும். முதன்மை மாவட்ட நீதிபதி அதன் தலைவர். அன்றாட வேலையைப் பார்ப்பவர் சார்பு நீதிபதி நிலையில் உள்ள செயலாளர், நீங்கள் பார்க்க வேண்டியவர் அவர்தான். தாலுகா நீதிமன்றங்களில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, மனுவை அங்கேயும் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். இலவசத் தொலைபேசி எண் 15100.

மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வக்கீல் வேண்டுமென்றால் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே ஆணைக்குழு இலவசமாக வக்கீலைத் தரும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆகவே, “எனக்கு அங்கே ஆள் தெரியும், வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் கொடுங்கள்” என்று எவராவது வந்தால் அவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

முதல் வாரத்தில் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

முதல் தகவல் அறிக்கையின் (எஃப்.ஐ.ஆர்.) நகல் இல்லாமல் கோப்பு நகராது. அந்த நகலைப் புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 173-ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. ஸ்டேஷனில் மனு ஏற்பு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எழுத்து மூலம் புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் அதில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான கோப்புகள் சிக்குவது இந்த இடத்தில்தான். வெட்டுப்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அன்று எஃப்.ஐ.ஆரில் கொலை முயற்சி, அதாவது பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 109 என்று இருக்கும். பத்து நாள் கழித்து அவர் இறந்துபோனால் வழக்கு 103-ஆக, கொலையாக மாறும். எஃப்.ஐ.ஆர். திருத்தப்படாது. பிரிவை மாற்றியதாக இன்ஸ்பெக்டர் நீதிமன்றத்துக்குத் தனியாக ஓர் அறிக்கை அனுப்புவார், ‘ஆல்டரேஷன் ரிப்போர்ட்’ என்பார்கள். அது இல்லாமல் பழைய எஃப்.ஐ.ஆரை மட்டும் வைத்தால், ஆணைக்குழு அலுவலகத்தில் அது காயம்பட்டவரின் மனுவாகவே தெரியும். காயத்திலும் இதே கதைதான். முதலில் 115(2), சாதாரணக் காயம் என்று போட்டிருப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தபின் கொடுங்காயப் பிரிவுக்கு மாற்ற வேண்டும், யாரும் கேட்காவிட்டால் மாறாமலே கிடக்கும். விசாரணை அதிகாரியிடம் எக்ஸ்ரே அறிக்கையுடன் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருத்துவக் காகிதங்கள். அரசு மருத்துவமனையில் முதலில் போடும் ஏ.ஆர். பதிவின் (விபத்துப் பதிவேடு) நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, தனியார் ஆஸ்பத்திரியில் செலவழித்திருந்தால் பில்கள், மருந்துச் சீட்டுகள். கை கால் போயிருந்தால் எத்தனை சதவீத ஊனம் என்று எழுதிய மாற்றுத்திறனாளிச் சான்று அவசியம், தொகையே அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் முடிவாகிறது. மரணம் என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, வரும்வரை காத்திருக்காமல் விண்ணப்ப ரசீதை வைத்தே இழப்பீட்டு மனுவைக் கொடுத்துவிடலாம், சான்றைப் பிறகு சேர்க்கலாம்.

கணவனே மனைவியைக் கொன்ற வழக்குகளில் ஒரு முடிச்சு விழும். வாரிசுச் சான்றில் கணவன் பெயரும் வந்துவிடும். கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொல்கிறது. எனவே மனுவிலேயே, “சான்றில் முதலாவதாக உள்ளவர் இந்த வழக்கின் எதிரி, அவருக்குப் பங்கு கூடாது” என்று ஒரு வரி எழுதி, பிள்ளைகள் பெயரில் தொகையைக் கேளுங்கள். பாட்டியோ மாமாவோ காப்பாளராகக் கையெழுத்துப் போடலாம்.

கடைசியாக ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், குடும்ப அட்டை. எஃப்.ஐ.ஆரில் ‘செல்வி’, ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’, பாஸ்புக்கில் தகப்பன் பெயர், ஆதாரில் கணவன் பெயர் என்று இருந்தால் உத்தரவு வந்த பிறகும் பணம் திரும்பிப் போகும். இருவரும் ஒருவரே என்று வி.ஏ.ஓ. சான்று ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மனுவில் என்ன எழுதுவது?

படிவம் ஆணைக்குழுவிலேயே கிடைக்கும். வெள்ளைத் தாளில் எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள். என்ன நடந்தது என்று ஒரு பத்தி போதும், அதுதான் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதே. நீளமாக எழுத வேண்டியது, நடந்ததால் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதை. இதுவரை ஆன மருத்துவச் செலவு, இனி ஆகப்போகும் செலவு, இழந்த கூலி, நின்றுபோன படிப்பு, இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது. தொகையைத் தீர்மானிக்கும்போது அதிகாரிகள் பார்ப்பது இந்த விவரங்களைத்தான். கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. மேஸ்திரியிடம் எழுதி வாங்கிய கடிதமோ, நலவாரிய அட்டையோ எதுவும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். மன உளைச்சலுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் மனநல மருத்துவரின் சீட்டையும் வையுங்கள், மனக்காயத்துக்கும் தனி இழப்பீடு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மனுவின் முடிவில் இரண்டு கோரிக்கைகளைப் பிரித்து எழுதுங்கள். ஒன்று இடைக்கால நிவாரணம், இரண்டாவது முழு இழப்பீடு. இடைக்காலம் என்ற சொல்லே மனுவில் இல்லாவிட்டால், முழு விசாரணை முடியும்வரை கோப்பு அப்படியே இருக்கும். முழு விசாரணைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கெடு இரண்டு மாதம். உடனடிச் சிகிச்சை வேண்டியிருந்தால், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அல்லது நடுவரின் சான்றைக் காட்டி இலவச மருத்துவ உதவிக்கு ஆணைக்குழுவே உத்தரவிடலாம்.

ஏற்கெனவே வேறு வழியில் அரசுப் பணம் வந்திருந்தால் மறைக்காதீர்கள், படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து அறிவிக்கப்படும் தொகை வேறு, இது வேறு. அது வந்துவிட்டது என்பதற்காக இந்த மனுவைப் போடாமல் விடவும் வேண்டாம்.

நீதிமன்றம் வழியாகவும் போகலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீட்டை நீதிமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று 2014-இல் சுரேஷ் எதிர் ஹரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எதிரி விடுதலையானால், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று நீதிமன்றம் ஆணைக்குழுவுக்குப் பரிந்துரைக்கலாம். தீர்ப்பு நாளுக்கு முன்பே அரசு வழக்கறிஞரிடம் இதை நினைவுபடுத்துங்கள். தீர்ப்பில் அந்த ஒரு வரி விடுபட்டால் மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

பெண்களுக்கு எவ்வளவு?

பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2018-இல் வகுத்த திட்டம் பொருந்தும். நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்று, அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்த திட்டம் இது. அதன்படி உயிரிழப்புக்கும் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கும் 5 முதல் 10 லட்சம் ரூபாய். பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம். 80 சதவீதமும் அதற்கு மேலும் நிரந்தர ஊனம் என்றால் 2 முதல் 5 லட்சம். மறுவாழ்வு தேவைப்படும் கொடுங்காயம் அல்லது மனக்காயத்துக்கு 1 முதல் 2 லட்சம். தாக்குதலால் கரு கலைந்தால் 2 முதல் 3 லட்சம். தீக்காயத்திலோ அமில வீச்சிலோ முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். பாதிக்கப்பட்டவர் மைனர் என்றால் இந்த வரம்புகள் 50 சதவீதம் கூடும்.

மனு வந்தவுடனேயே 5,000 முதல் 10,000 ரூபாய் வரை கைச்செலவுக்குக் கொடுக்கவும், இடைக்காலத் தொகை அட்டவணையின் உச்ச வரம்பில் கால் பங்குக்குக் குறையாமல் இருக்கவும் அதே திட்டம் சொல்கிறது. மரணம் என்றால் அந்தக் கால் பங்கு இரண்டரை லட்சம். இதைக் கேட்டு வாங்குங்கள். கெடு, குற்றம் நடந்த நாளிலிருந்தோ நீதிமன்ற விசாரணை முடிந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டு. ஆண்கள் பொதுத் திட்டத்தில் வருவதால் இந்த மூன்று ஆண்டுக் கணக்கை நம்பக் கூடாது, முதல் மாதத்துக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். தாமதமாகிவிட்டால் காரணத்தைச் சொல்லி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

அமில வீச்சுக்குத் தனிக் கடிகாரம் ஓடுகிறது. விஷயம் ஆணைக்குழுவின் கவனத்துக்கு வந்த 15 நாளுக்குள் 1 லட்சம், அடுத்த இரண்டு மாதத்துக்குள் 2 லட்சம். லக்ஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த 3 லட்சம் என்பது குறைந்தபட்சம் மட்டுமே, அதற்கு மேல் தரத் தடையில்லை. அமில வீச்சிலும் பாலியல் வன்கொடுமையிலும் தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 397-ஆவது பிரிவு. மறுத்தால் பி.என்.எஸ். 200-ஆவது பிரிவில் ஓராண்டுவரை சிறை. முன்பணம் கட்டச் சொல்லும் கவுண்டரில் இந்த இரண்டு எண்களையும் சொல்லிப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சுக்கு ஆளானவர்களை மாற்றுத்திறனாளிகளாக ஏற்றிருக்கிறது, அந்த அட்டையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

குழந்தைகள்

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் வழி வேறு. இழப்பீட்டை முடிவு செய்வது சிறப்பு நீதிமன்றம். 2020-ஆம் ஆண்டு விதிகளின் 9-ஆவது விதிப்படி, எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். எதிரி விடுதலையானாலும், யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் இறுதி இழப்பீடும் உண்டு. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு பணத்தைக் கொடுத்தாக வேண்டும். சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழு 8-ஆவது விதியின்கீழ் பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் பணம் வர வேண்டும். இதைப் பெற்றோர் கேட்பதே அபூர்வம். 1098-க்கு அழைத்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு இணைப்பார்கள். குழந்தையின் பெயரும் படமும் வெளியே போகாதபடி எல்லாக் காகிதங்களையும் மூடிய உறையில் கொடுங்கள்.

தீருதவி: வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள்

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர், தாக்கியவர் அப்படி அல்லாதவர் என்றால், ஆணைக்குழுவுக்கு முன் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். தீருதவியை, அதாவது இந்தச் சட்ட வழக்குகளில் அரசு தரும் நிவாரணத் தொகையை, கையாள்வது மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகம்தான். இங்கே பணம் வழக்கின் கட்டங்களோடு சேர்ந்து வருகிறது. 1995-ஆம் ஆண்டு விதிகளின் 2016 திருத்தப்படி, கொலைக்கு 8,25,000 ரூபாய். அதில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதிப் பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். பாலியல் வன்கொடுமைக்கு 5 லட்சம். பாதி மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு, கால் பங்கு குற்றப்பத்திரிகையில், கால் பங்கு கீழமை நீதிமன்ற விசாரணை முடிவில். இவை மத்திய விதியின் தொகைகள். மாநில அரசு கூட்டித் தரலாம், எனவே நடப்பு அரசாணையின் நகலைக் கேட்டுப் பாருங்கள்.

கொலை வழக்கில் ரொக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. மனைவிக்கோ மற்ற சார்ந்தோருக்கோ மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அதன் மீது அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, தேவையென்றால் விவசாய நிலம், வீடு, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை முழுக் கல்விச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு, பாத்திரங்கள் ஆகியவையும் விதியிலேயே இருக்கின்றன. இவற்றை மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். நடைமுறையில் முதல் பாதிப் பணம் வந்ததும் குடும்பமும் ஓய்ந்துவிடுகிறது, அலுவலகமும் மறந்துவிடுகிறது. ஓய்வூதியத்துக்கும் வேலைக்கும் கல்விச் செலவுக்கும் தனித்தனி மனுவாகக் கொடுங்கள். ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதினால், ஒன்றைக் கொடுத்துவிட்டு மனுவை முடித்துவைத்துவிடுவார்கள்.

உடலை வாங்க மறுத்து மருத்துவமனை வாசலில் உட்காரும்போது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வந்து பேசுவார். வேலை தருகிறோம், வீடு தருகிறோம் என்பார். வாய்ச்சொல்லாக விடாமல், அந்த இடத்திலேயே எழுதி, அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்ட பிறகே எழுந்திருங்கள்.

இந்தச் சட்டத்தின் பிரிவை எஃப்.ஐ.ஆரில் சேர்க்காமல் விட்டால் தீருதவி வராது. சாதிச் சான்றைப் புகாரோடு கொடுங்கள். விசாரிக்க வேண்டியவர் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர், குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு. தொகை இழுத்தடிக்கப்பட்டால் ஆட்சியர் தலைமையில் நடக்கும் மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கு மனு அனுப்புங்கள். சாட்சி சொல்ல நீதிமன்றம் போகும் நாளுக்குப் பயணப்படியும் உணவுப்படியும்கூட 11-ஆவது விதியில் இருக்கின்றன.

இழுத்தடித்தால், மறுத்தால்

இரண்டு மாதம் தாண்டியும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: என் மனு எந்தத் தேதியில் பதிவானது, எந்த அதிகாரியிடம் இருக்கிறது, காவல் துறையிடம் எந்தத் தேதியில் அறிக்கை கேட்டீர்கள்? பெரும்பாலும் மூன்றாவதில்தான் அடைப்பு இருக்கும். ஸ்டேஷன் அறிக்கை அனுப்பியிருக்காது. அப்படியானால் நீங்களே இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசலாம்.

தள்ளுபடி ஆனாலோ தொகை குறைவாக இருந்தாலோ, பெண்களுக்கான திட்டத்தில் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. உத்தரவு வந்தும் நிதி இல்லை என்று சொன்னால் அங்குள்ள உறுப்பினர் செயலருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தென் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குப் போகலாம். காவல் நிலையத்தில் நடந்த மரணம் என்றால் ரிட் மனுவே நேர்வழி, 1993-இல் நீலாபதி பெஹரா வழக்கிலிருந்து அரசே அதற்குப் பொறுப்பு.

எதிர்த்தரப்பு சமரசம் பேச வரும். பணத்தை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியாக மாறினால், இழப்பீட்டுக்கே ஆபத்து. புகார் பொய் என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தால், கொடுத்த தொகையை அபராதம்போல் வசூலிக்க நடவடிக்கை எடுக்க ஆணைக்குழுவுக்கு வழி இருக்கிறது. மிரட்டல் இருந்தால் சாட்சிப் பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுங்கள்.

பணம் வரும்போது

2018 திட்டத்தில் முழு இழப்பீடும் ஒரே நாளில் கைக்கு வராது. 25 சதவீதம் உடனே எடுக்கலாம், 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டு வைப்புநிதியில் இருக்கும். மைனருக்கு 80 சதவீதம் வைப்பில் போகும், 18 வயது நிறைந்த பிறகே எடுக்க முடியும், அதுவும் மூன்று ஆண்டுக்கு முன்னால் முடியாது. இடைக்காலத் தொகைக்கு இந்தப் பிடிப்பு இல்லை, முழுதாகத் தர வேண்டும். மேல்படிப்புக்கோ அறுவை சிகிச்சைக்கோ நடுவில் தேவைப்பட்டால், கல்லூரிக் கட்டணச் சீட்டு அல்லது மருத்துவர் தந்த செலவு மதிப்பீட்டுடன் ஆணைக்குழுவுக்கு எழுதினால் விடுவிப்பார்கள், வங்கி தானாகத் தராது. வைப்புநிதியின் வட்டியை மாதாமாதம் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. வங்கி மேலாளரிடம் ரசீதை வாங்கும்போதே ‘மாத வட்டி’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘முதிர்வில் வட்டி’ என்று இருந்தால் உத்தரவின் நகலைக் காட்டி அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.